காகத்தைக் கழுவின கதை

1

சித்திரங்களுக்குப் பசிக்காது என்று நான் நம்பினேன். முதலில் அதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நடிகருக்குக் கார் அனுப்ப வேண்டும், நடிகைக்கும் அவள் அம்மாவுக்கும் ஆரஞ்சுப் பழம் வாங்க வேண்டும், துணை நடிகர்கள் ஐம்பது பேருக்குச் சாம்பார் சாதப் பொட்டலம் கட்ட வேண்டும். வரைந்த காகத்துக்கு இதெல்லாம் ஒன்றுமில்லை. காகிதத்தில் உட்கார் என்றால் உட்காரும், பற என்றால் பறக்கும். ஆகையால் உலகத்திலேயே மலிவான சினிமா சித்திர சினிமாதான் என்று முடிவு கட்டி, நாற்பது வயதில், யுத்தத்தின் நடுவில், அரிசிக்கு ரேஷன் வந்த பிறகு, நான் படமுதலாளி ஆனேன்.

காகம் ஒரு வினாடி சிறகடிக்கப் பன்னிரண்டு படம் வரைய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னார்கள். எனக்குக் காதில் விழவில்லை. வரைகிற ஆளுக்குப் பசிக்கும் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

வரைந்தவர் காதர் பாய். ராயப்பேட்டைக்காரர். சினிமாக் கொட்டகைகளுக்குப் பெரிய பெரிய விளம்பரத் தட்டிகள் எழுதிக்கொண்டிருந்தவர். சாரத்தின் மேல் நின்றபடி கதாநாயகியின் ஒரு கண்ணை மட்டும் மூன்று முழத்துக்கு எழுதுவார். அவரை நான் கீழே இறக்கி, உள்ளங்கை அகலக் காகத்தை வரையச் சொன்னேன்.

"இன்னா ஸார், யானைக்கு லாடம் அடிக்கிறவன இஸ்துக்கினு வந்து எறும்புக்கு அடிக்கச் சொல்றே?" என்றார். ஆனால் வந்தார். தட்டி வேலையை விட்டுவிட்டு வந்தார். இந்தக் குறிப்பில் எங்கேயாவது நான் சிரிக்க வைத்தால் தயவுசெய்து இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: அவர் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்தார்.

2

லண்டனில் இது எனக்கு மூன்றாவது சரஸ்வதி பூஜை. இங்கே என் உத்தியோகம் என்ன என்று ஊரில் பல பேர் கேட்டு எழுதுகிறார்கள். "சித்திர சினிமாத் துறையில் இருக்கிறேன்" என்று பதில் போட்டிருக்கிறேன். பொய் இல்லை. சோப்பு விளம்பரத்துக்கும் சர்க்கார் புத்திமதிக்கும் சித்திரப்படம் பிடிக்கிற ஒரு பட்டறையில், சித்திரம் வரைந்து படம் பிடித்து முடிந்த கண்ணாடித் தாள்களை, மறுபடி வரைவதற்காகக் கழுவிக் காய வைக்கிறேன். யுத்தத்தின்போது சென்னையில் இருந்த ஒரு வெள்ளைக்காரக் கேப்டன் சிபாரிசில் கிடைத்த வேலை. என் திறமையை அவர் எப்படி இத்தனை சரியாகக் கண்டுபிடித்தார் என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்.

இங்கே தாளைச் சும்மா கழுவ முடியாது. ஒவ்வொரு கட்டிலும் ஒரு சீட்டு. அதில் வரைந்தவர் கையெழுத்து, காமிராக்காரர் கையெழுத்து, லாபரட்டரியிலிருந்து படம் நன்றாக வந்துவிட்டது என்று மேஸ்திரி அம்மாள் கையெழுத்து. மூன்றும் இல்லாமல் தாள் தண்ணீரைத் தொடக்கூடாது. முதல் நாள் அந்தச் சீட்டைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. குளிர் என்று சொல்லிச் சமாளித்தேன். இந்த ஊரில் குளிரென்று சொன்னால் எதையும் நம்பிவிடுகிறார்கள்.

வீட்டுக்கார அம்மாள் நல்லவள். வந்த புதிதில் தினமும் காலையில் அவளிடம் "போய்விட்டு வருகிறேன்" என்பதை அப்படியே இங்கிலீஷில் பெயர்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்புவேன். போனவன் உடனே திரும்பி வருவான் என்று நினைத்து அவள் கதவைச் சாத்தாமல் பதினைந்து நிமிஷம் பனியில் நின்றிருக்கிறாள். "போகிறேன்" என்று மொட்டையாகச் சொல்ல எனக்கு வாய் வர ஒரு வருஷம் ஆயிற்று. என் பெண் ராஜிக்கு ஒன்பது வயது. அவள் சுலபமாகச் சொல்கிறாள். திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் காதர் பாயிடமிருந்து கடிதம் வந்தது. மூலையில் மசியால் ஒரு சின்னக் காகம் போட்டிருந்தார். தமிழ் எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாத ராஜிக்குக் காகம் மட்டும் தெரிந்தது. "யார் வரைஞ்சது? ரொம்பத் திமிர் பிடிச்ச காக்கா" என்று இங்கிலீஷில் கேட்டாள். நான் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"ஸார் அவர்களுக்கு காதர் எழுதினது. அடையாறாண்ட ஒரு ஸ்டூடியோவுல டைட்டில் எழுதவும் சித்திர வேலைக்கும் மாசச் சம்பளத்துல ஒரு ஆள் வெக்கிறாங்கோ. மானேஜரு என் கைய பார்த்துட்டு நல்லாக்கீதுன்னாரு. அப்புறம் பேரைக் கேட்டாரு. சொன்னேன். நாலு மாசப் படத்தைக் கழுவி ஊத்தின காதர் நீதானான்னு கேட்டுட்டாரு ஸார். வக்கீல் ஐயா அப்படிச் சொல்லிக்கினு கீறாராம். நீங்கோ அந்த மாதிரி சொல்லியிருக்க மாட்டீங்கோ. ஐயாவுக்கு வயசாயிடுச்சி, ஆள் மாறிப் போயிருக்கும். கழுவினது காதர் இல்லேன்னு ஒரு வரி எழுதிப் போடுங்கோ. மாசக் கடைசி வரைக்கும் அந்த எடத்தை வெச்சிருக்கேன்னு மானேஜரு சொல்லிட்டாரு. எனக்கு இப்போ சாரத்து மேல நிக்க முட்டி ஒத்துக்கல."

கழுவினது காதர் இல்லை. நான். வக்கீல் ஐயாவுக்கு ஆள் மாறிப் போகவும் இல்லை. அவரிடம் அப்படிச் சொன்னதும் நான்தான். சொன்னேன் என்றுகூட இல்லை, தலையை ஆட்டினேன். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

3

வக்கீல் ஐயா என்பது என் மனைவி அலமேலுவின் சித்தப்பா. மயிலாப்பூரில் பிராக்டீஸ், தியாகராய நகரில் பனகல் பார்க்குக்குப் பின்னால் புதிதாகக் கட்டின வீடு. பெட்ரோல் கிடைக்காமல் காரை விற்றுவிட்டார். காலியான கார் ஷெட்தான் எங்கள் ஸ்டூடியோ. பணமும் அவருடையது.

சினிமாவுக்குப் பணம் போடுகிறவர் கேட்கும் கேள்விகள் எல்லாவற்றையும் அவர் எங்கள் காகத்தைப் பற்றியும் கேட்டார்.

"யார் நடிக்கறா?"

"காக்கா சித்தப்பா. லஸ் முனைலேருந்து டிராம் கூரை மேல ஏறி டிக்கெட் வாங்காம தினம் கோட்டைக்குப் போறது."

"பாட்டு எத்தனை?"

"ஒண்ணு."

"ஒண்ணா? ஒரு பாட்டோட எந்த ஊர்க்காரன் படம் வாங்குவான்? சரி, காக்கா என்ன ராகத்துல பாடறது?"

காகத்துக்கு ராகம் வேண்டும் என்பதே எனக்குத் தோன்றவில்லை. "கல்யாணி" என்றேன், வாயில் வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். "பேஷ். ஆனா நிரவல் வேண்டாம். காக்காவுக்குத் தாங்காது" என்றார். மூடின கண்ணைத் திறந்ததும் பணம் கொடுக்கச் சம்மதித்தார். ஆனால் ஒரே தடவையில் இல்லை. அவ்வப்போது பிடித்த படத்தைத் திரையில் போட்டுக் காட்ட வேண்டும். காட்டினால் அடுத்த தவணை.

பிலிமுக்கு லைசென்ஸ் வாங்கப் போன கதை தனி. யுத்த காலம், பிலிம் சுருளுக்குச் சர்க்கார் அனுமதி வேண்டும். மனுவில் "நடிகர்கள் எண்ணிக்கை" என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதினேன். குமாஸ்தா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "ஆளே இல்லாத படத்துக்கு பிலிம் எதுக்கு ஸார்?" என்றார். "காகம் ஒன்று" என்று திருத்தினேன். மிருகங்கள் வருகிற படத்துக்கு வேறு மனு என்றார். வேறு மனு கொண்டுபோனேன். காகம் மிருகம் இல்லை என்று அதைத் திருப்பிவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து "இதர" என்ற தலைப்பில் எங்களுக்கு லைசென்ஸ் கிடைத்தது.

கண்ணாடித் தாளும் கிடைக்கவில்லை. காதர் பாய்தான் வழி கண்டுபிடித்தார். ஆஸ்பத்திரிகளில் கழித்துப்போட்ட எக்ஸ்ரே பிலிமை எடைக்கு வாங்கி, சோடாக்காரம் போட்ட வெந்நீர்த் தொட்டியில் ஊறவைத்துத் தேய்த்தால் பளிங்கு மாதிரித் தாள் கிடைத்துவிடும். தேய்க்கிற வேலை எனக்கு. சரியாகத் தேயாத தாள்களில் காகத்தின் பின்னால் யாரோ ஒரு புண்ணியவானின் விலா எலும்பு மங்கலாகத் தெரியும்.

"கெடக்கட்டும் ஸார்," என்பார் காதர் பாய், "காக்கா எலும்புக்கு மேல பறக்கிறது ஒண்ணும் புதுசில்ல."

புதிதாக வாங்கின எக்ஸ்ரே பிலிம்களோடு, வரைந்து தவறிப்போன காகங்களையும் வாரம் ஒருமுறை கழுவுவேன். தவறின காகத்துக்கும் தவறாத காகத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது. ஆகையால் காதர் பாய் ஒரு சட்டம் போட்டிருந்தார்: "தொட்டியாண்ட கீறதை கழுவு ஸார். மேசை மேல கீறதுல கைய வெக்காதே." ஷெட்டில் இருந்த ஒரே சட்டம் அதுதான்.

முதல் தவணைக்குக் காட்டின படம் நாற்பது வினாடி. விளக்கை அணைத்ததும் சித்தப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அங்கவஸ்திரத்தில் துடைத்து மாட்டிக்கொண்டார். அதற்குள் விளக்கைத் திரும்பப் போட்டாகிவிட்டது. "ஏன் நிறுத்திட்டா?" என்றார். "முடிஞ்சுடுத்து சித்தப்பா." அவர் என்னைப் பார்த்த பார்வையில், இனி நிறையச் சேர்த்துத்தான் காட்ட வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். காமிரா வாடகையும் நாள் கணக்கு. ஆகவே வரைந்ததையெல்லாம் மேசை மேல் கட்டுக்கட்டாகச் சேர்த்து வைத்தோம். நாலு மாதம். ஆயிரத்து எண்பது தாள். விஜயதசமிக்கு மறுநாள் காமிரா வருவதாக ஏற்பாடு.

4

காதர் பாய் பெருநாள் முடிந்து தங்கையின் நிக்காஹ்வுக்காக வேலூர் போனார். போகும்போது, "மேசை, தொட்டி ஞாபகம் வெச்சுக்கோ ஸார்" என்றார். நான் சிரித்தேன். என்னிடம் போய்ச் சொல்கிறாரே என்று.

பூஜைக்கு முதல் நாள் சித்தப்பா சொல்லி அனுப்பினார்: நாளைக்கு ஷெட்டிலேயே சரஸ்வதி படம் வைத்துப் பூஜை, தாமே வருகிறார், சாமான் எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும், அன்றைக்கு யாரும் எதையும் தொட்டு வேலை செய்யக்கூடாது. ஆகவே எல்லாம் இன்றைக்கே. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். பிரஷ்களைக் கழுவினேன், வர்ணக் கிண்ணங்களைத் தேய்த்தேன். அம்பாள் படத்தை எங்கே வைப்பது? மேசை மேல்தான் வைக்க வேண்டும். மேசையைத் துடைக்க வேண்டுமே. கட்டுகளைத் தூக்கி ஒரு பக்கமாக இறக்கி வைத்தேன். ஷெட்டில் காலியாக இருந்த ஒரே இடம் தொட்டியின் பக்கம்.

மேசையைத் துடைத்தேன், கோலம் போட்டேன். பொரி, கடலை, சந்தனம் வாங்கப் பாண்டி பஜார் போனேன். அங்கே ஒருவர் பிடித்துக்கொண்டு யுத்தம் எப்போது முடியும் என்று முக்கால் மணி நேரம் என்னிடமே விசாரித்தார். திரும்பி வரும்போது, ராகு காலம் வருவதற்குள் எல்லாம் முடிய வேண்டுமே என்ற அவசரம். உள்ளே நுழைந்தேன். தொட்டியின் பக்கம் கட்டுகள். தொட்டியின் பக்கம் இருப்பதைக் கழுவ வேண்டும்.

கழுவினேன்.

வெந்நீரில் முக்கினதும் கறுப்பு இளகிக் கலைந்தது. கட்டுக்குப் பின் கட்டு. "என்ன காதர் பாய், இத்தனை தப்பா வரைஞ்சிருக்கேள்!" என்று இல்லாத மனிதரைக் கோபித்துக்கொண்டேன். முதுகு வலித்தது. அத்தனையையும் கொடியில் வரிசையாகக் காயப்போட்டுவிட்டு, ராகு காலத்துக்கு முன்பே முடித்துவிட்ட பெருமையில் பஸ்ஸில் உட்கார்ந்து வீடு போய்ச் சேர்ந்தேன். ராத்திரி நன்றாகத் தூங்கினேன். கடைசியாக நன்றாகத் தூங்கின ராத்திரி அது என்று சொன்னால் கதைக்கு அழகாக இருக்கும். அதுவும் பொய். அப்புறமும் நன்றாகத்தான் தூங்கிக்கொண்டிருக்கிறேன்.

5

மறுநாள் காலை சித்தப்பா பஞ்சகச்சம், தேங்காய், வெற்றிலை சகிதம் வந்தார். பூஜை முடிந்து கற்பூரம் ஒத்திக்கொண்டதும், "காக்காவைக் காட்டு பார்ப்போம்" என்றார்.

மேசையைப் பார்த்தேன். மேசை மேல் அம்பாள் இருந்தாள். கொடியைப் பார்த்தேன். ஆயிரம் தாள், வெயில் பட்டுப் பளபளவென்று, அங்கங்கே விலா எலும்போடு. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரு மனிதனுக்கு உள்ளங்கால் வியர்க்கும் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தேன். மயக்கம் போட்டு விழலாமா என்று யோசித்தேன், விழுவதற்குச் சுத்தமான இடம்கூடத் தேர்ந்தெடுத்தேன்.

"கழு... கழுவியாச்சு சித்தப்பா" என்றேன்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவர் கொடியைப் பார்த்தார். வக்கீல் மூளை. தானே கேஸைக் கட்டிவிட்டார்.

"பூஜைக்கு எல்லாத்தையும் அலம்பி வைக்கணும்னு நீ சொல்லியிருப்பே. அந்தக் காதருக்கு நம்ம பண்டிகை என்ன தெரியும்? எல்லாம்னா எல்லாம்னு எடுத்துண்டு, படத்தையும் சேர்த்து அலம்பிட்டான். அப்படித்தானே மாப்பிள்ளே?"

நான் தலையை ஆட்டினேன். மேலும் கீழும். இரண்டு தடவை. ஒரு தடவை ஆட்டியிருந்தாலே போதும், நான் எதையும் தாராளமாகச் செய்கிறவன்.

காதர் பாய் அப்போது வேலூரில் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தார். அவர் ஊரிலேயே இல்லை என்று சித்தப்பாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

சித்தப்பா பணத்தை நிறுத்திவிட்டார். ஆனால் கதையை நிறுத்தவில்லை. கச்சேரிக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும், "எங்காத்துச் சினிமாவை ஒரு பாய் அலம்பிட்டார்" என்று ஆரம்பித்துவிடுவார். கேட்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும் பக்கத்தில் இருந்தால் சிரிப்பேன். ஒருமுறை அவர் விட்டுப்போன ஒரு வரியை எடுத்துக்கூடக் கொடுத்திருக்கிறேன்.

காதர் பாய் திரும்பி வந்ததும் அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன், பாதி உண்மையை. நான் கழுவிவிட்டேன் என்று. கொடியில் தொங்கின தாள்களைப் பார்த்தபடி நின்றார். ஒன்றை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் கழுவிக்கீறே" என்றார். தாளைக் கொடியில் திரும்பப் போட்டுவிட்டு, "உடு ஸார். நான் வரைஞ்ச காக்காதானே, மறுபடி வரைஞ்சிக்கலாம். நீ சாப்டியா? மூஞ்சி ஒரு மாதிரியாக்கீது" என்றார்.

சித்தப்பாவிடம் தலையாட்டினதை நான் சொல்லவில்லை. பணம் நின்றதற்கு யுத்தத்தைக் காரணம் சொன்னேன். யுத்தம் எதையும் தாங்கும்.

6

கடிதத்தை அலமேலுவும் படித்தாள். "கழுவினது அவர் இல்லையா?" என்று கேட்டாள். நான் ஹாஸ்யமாக ஆரம்பித்தேன். அவள் சிரிக்கவில்லை. முழுக்கச் சொல்லி முடித்தேன்.

"நாம கப்பலேறறதுக்கு முதல் நாள் அவர் நம்மாத்துக்கு வந்தாரே," என்றாள். "ராஜிக்கு வர்ணப் பெட்டி வாங்கிண்டு. இந்த மனுஷனாலதான் நம்ம பிழைப்பு போச்சுன்னு நான் அவர் முகத்தைக்கூடப் பார்க்கலை. காப்பியைக் கொண்டுவந்து ணங்குன்னு வச்சுட்டு உள்ளே போயிட்டேன். நீங்க பார்த்துண்டுதானே இருந்தேள்?"

"பார்த்துண்டுதான் இருந்தேன்."

"இன்னிக்கே எழுதுங்கோ."

ராஜி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கி, "ஸாரின்னு சொன்னா முடிஞ்சுபோச்சே அப்பா" என்றாள், வழக்கம்போல இங்கிலீஷில். இந்த ஊரில் காலை மிதித்தவனும் ஸாரி சொல்கிறான், மிதிபட்டவனும் சொல்கிறான். அவளுக்கு அது அவ்வளவு சுலபம்.

அன்றைக்கே எழுதவில்லை. எழுதினேன், ஆனால் முதல் கடிதத்தில் ராகு காலம், பாண்டி பஜார், யுத்தம் எல்லாம் வந்தன, நான் வரவில்லை. இரண்டாவதில் மானேஜர் சிரிக்கும்படி எழுதினேன். படித்துப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது, கிழித்தேன். மூன்றாவது சித்தப்பாவின் மனம் புண்படாமல் இருந்தது. அதில் தாள்களைக் கழுவினது யாருமில்லை என்று ஆகிவிட்டது. ஒன்பது நாள் போயிற்று. பத்தாம் நாள் அலமேலு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். நாலு வரியில் முடிந்தது. "தாள்களைக் கழுவியவன் நான். காதர் அன்று ஊரில் இல்லை. அவர் மேல் பழி விழ நான் காரணம். அவரைப் போன்ற கை சென்னையில் இல்லை."

அதே கையோடு சித்தப்பாவுக்கும் எழுதினோம். அவர் பதில் சுருக்கமாக வந்தது: "இப்போ எதற்கு இதெல்லாம்? நீ கழுவினாய் என்று சொன்னால் கதையில் ஹாஸ்யம் போய்விடுகிறது."

காதர் பாய்க்கு எழுதினது ஆகாயத் தபாலில் போகிற நீலக் கடுதாசி, மடித்து ஒட்டினால் அதுவே உறை. எழுதினதைப் பார்த்தேன். நாலு வரி, வெறும் கையெழுத்து. மானேஜர் நம்ப வேண்டாமா? பட்டறைத் தலைப்புக் காகிதத்தில் நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன் என்று இங்கிலீஷில் டைப் அடித்து வாங்கி, நீலக் கடுதாசிக்குள் மடித்துச் செருகி, ஒட்டி, பெட்டியில் போட்டேன். மாதக் கடைசிக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தது. விமானத்தில் ஒரு வாரம்கூட ஆகாது. சீட்டியடித்துக்கொண்டு வந்தேன்.

அந்த நீலக் கடுதாசிக்குள் எதையாவது வைத்து அனுப்பினால் அதை விமானத்தில் ஏற்றமாட்டார்கள், சாதாரணத் தபாலில் கப்பலுக்குப் போய்விடும். கடுதாசியின் பின்புறத்திலேயே அச்சடித்திருக்கிறது. போன வாரம், வீட்டுக்கார அம்மாள் யாருக்கோ எழுத வாங்கி வைத்திருந்த ஒன்றைப் புரட்டியபோதுதான் படித்தேன்.

7

காதர் பாயின் பதில் முந்தாநாள் வந்தது. என் கடிதம் கிடைத்ததாம். மானேஜரிடம் கொடுத்தாராம். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, "அப்போ நீ இல்லையாப்பா?" என்று கேட்டு, உட்காரச் சொல்லி டீ வரவழைத்தாராம். அலமேலுவுக்கும் ராஜிக்கும் சலாம் சொல்லியிருக்கிறார். நான் தலையாட்டினதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. கடிதத்தில் ஸார் என்று என்னைக் கூப்பிடவும் இல்லை.

கடிதம் போய்ச் சேர்ந்தபோது அந்த இடத்தில் சேலத்துக்காரர் ஒருவர் வேலைக்குச் சேர்ந்து பதினாறு நாள் ஆகியிருந்தது.